மென்பொருள் காசு காப்பாற்றாது

எண்ணெய்ப் பணம் வேண்டாம், சூதாட்டப் பணம் வேண்டாம், மென்பொருள் பணம் வரட்டும். ஐரோப்பியத் தொழில்முறை சைக்கிள் பந்தயத்தை ஊன்றிப் பார்ப்பவர்களிடம் இன்று மேலோங்கி நிற்கும் கருத்து இது. நார்வேயின் கணக்கியல் மென்பொருள் நிறுவனமான விஸ்மா 2024-இல் ஒரு டச்சு அணியின் முதல் பெயராக ஏறியபோது இந்தக் கருத்துக்குக் கொம்பு முளைத்தது. ஏறியது சாதாரண அணி இல்லை. இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய மூன்று பெருஞ்சுற்றுகளையும் 2023 என்ற ஒரே ஆண்டில் வென்ற அணி. அதுவரை முதல் பெயராக இருந்த சூப்பர்மார்க்கெட் விலகுகிறது, மென்பொருள் வருகிறது, இனி எல்லாம் சுகம் என்று பலர் முடிவு கட்டினார்கள்.

அந்தக் கருத்தை அதன் முழுப் பலத்தோடும் முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் அணிக்குச் சொந்த மைதானம் கிடையாது. பந்தயம் பொதுச் சாலையில் நடக்கிறது. ஓரத்தில் நின்று கைதட்டுகிறவர் காசு கொடுப்பதில்லை. ஒளிபரப்பு உரிமைப் பணம் பந்தயத்தை நடத்துபவருக்குப் போகிறது. டூர் டி பிரான்ஸை வெல்பவருக்கு 5 லட்சம் யூரோ. மூன்று வாரத்துக்கும் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பரிசுத்தொகை ஏறத்தாழ 23 லட்சம் யூரோ. பெரிய அணி ஒன்றின் ஆண்டுச் செலவோ பல கோடி யூரோ. ஆக, ஜெர்சியில் பெயர் போடுகிறவர்தான் சோறு போட வேண்டும். அந்த ஒருவர் வளைகுடா அரசாகவோ பெட்ரோ ரசாயன ஆலையாகவோ இருப்பதைவிட, கைநிறையப் பணமும் தரவுகளைக் கையாளும் அறிவும் உலகெங்கும் வாடிக்கையாளர்களும் கொண்ட தொழில்நுட்ப நிறுவனமாக இருப்பது நல்லதுதானே?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் நிற்கும் ஒவ்வொரு காலும் ஆட்டம் கண்டது.

1. இது புதிய காலம் என்பதே முதல் பொய்.

விஸ்மா வந்து சேர்ந்த அதே அணியின் ஜாதகத்தைப் புரட்டினால் போதும். 1984-இல் குவாண்டம் என்ற வீட்டுச்சாமான் கடையின் பெயரில் தொடங்கிய அணி அது. பிறகு சூப்பர்கான்ஃபெக்ஸ் என்ற துணிக்கடை, பிறகு பக்லர் என்ற போதையில்லாத பீர். 1993-இல் ஜெர்சியில் ஏறிய பெயர் வேர்டுபெர்ஃபெக்ட். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யப் பழகிய ஒரு தலைமுறைக்கு நினைவிருக்கும் அதே மென்பொருள்தான். 1994-இல் அந்த நிறுவனத்தை நோவெல் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. 1995-இல் அணியும் நோவெல் ஆனது. 1996-இல் நோவெல் வேர்டுபெர்ஃபெக்டை கோரெலுக்கு விற்றுவிட்டது. அதற்குள் ஜெர்சியிலிருந்தும் நோவெல் போய்விட்டது.

அதன்பின் அந்த அணியை 17 பருவங்கள் தாங்கியது யார்? விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலிருந்து வளர்ந்த ராபோபாங்க். ஊக்கமருந்து அம்பலங்களால் வெறுத்துப்போய் அந்த வங்கி 2012-இல் விலகியபோது, இடைவெளியை நிரப்ப வந்தது ரவுட்டரும் போன் உதிரிகளும் விற்கும் அமெரிக்க நிறுவனமான பெல்கின். 2013-இன் நடுவில் வந்தது. 2014 முடிவில் கிளம்பிவிட்டது. அடுத்துத் தூக்கி நிறுத்தியவை டச்சு லாட்டரியும் ஜம்போ சூப்பர்மார்க்கெட்டும். ஆக இந்த ஒரு குடும்பத்திலேயே மென்பொருளும் மின்னணுவும் விஸ்மாவுக்கு முன்பு மூன்று முறை வந்து மூன்று முறை போயிருக்கின்றன. நான்காவது வருகையை யுகமாற்றம் என்று கொண்டாடுவதற்கு முன் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்திருக்கலாம்.

வெளியேயும் இதே கதைதான். பானாசோனிக், தோஷிபா, ஹிட்டாச்சி, மோட்டோரோலா என 1980-களின், 90-களின் பெலோட்டான், அதாவது பந்தய வீரர் கூட்டம், ஒரு மின்னணுக் கடையின் பெயர்ப்பலகை போலத்தான் இருந்தது. அவற்றில் ஒன்றுகூட இன்று எந்த அணியின் தலைப்பெயராகவும் இல்லை.

2. ஜெயித்தால் ஸ்பான்சர் நிற்பார் என்கிறீர்களா? எச்.டி.சி-யைப் பாருங்கள்.

2009-இன் நடுவில் தைவானின் ஸ்மார்ட்போன் நிறுவனமான எச்.டி.சி, பாப் ஸ்டேப்பில்டனின் ஹைரோடு அணியோடு சேர்ந்தது. 2009 முதல் 2011 வரை மூன்று டூர்களில் மார்க் கேவண்டிஷ் மட்டும் 16 கட்டங்களை வென்றார். 2011-இல் புள்ளிகளுக்கான பச்சை ஜெர்சியும் அவருக்கே. அந்தக் காலத்தில் அதைவிட அதிகமாக ஜெயித்த அணி இல்லை. நிறுவனத்துக்கும் பொற்காலம்: 2011 ஏப்ரலில் அதன் சந்தை மதிப்பு நோக்கியாவையே தாண்டியது. அணி உச்சியில், நிறுவனம் உச்சியில். இதைவிடச் சாதகமான சூழல் எந்த அணிக்கு வாய்க்கும்?

2011 ஆகஸ்டில் ஸ்டேப்பில்டன் அணியைக் கலைப்பதாக அறிவித்தார். ஸ்பான்சர் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் கோபன்ஹேகனில் அந்த அணியின் டோனி மார்ட்டின் நேரப் பந்தயத்தில் உலகச் சாம்பியன், அந்த அணியின் கேவண்டிஷ் சாலைப் பந்தயத்தில் உலகச் சாம்பியன். வானவில் ஜெர்சி போட்ட இருவருக்கும் அடுத்த ஆண்டுக்கு அந்த அணி இல்லை.

இங்கே ஒரு தர்க்கப் பிழை ஒளிந்திருக்கிறது. வெற்றி ஸ்பான்சரைப் பிடித்துவைக்கும் என்று நினைப்பவர்கள், ஸ்பான்சர் வாங்குவது வெற்றியை என்று எண்ணுகிறார்கள். அவர் வாங்குவது பெயர் அறிமுகத்தை. அறிமுகம் ஒருமுறை கிடைத்துவிட்டால் அதற்கு மறுபடி பணம் கொடுக்க எந்த விளம்பர மேலாளருக்கும் காரணம் இருக்காது. அணி எவ்வளவு வேகமாக ஜெயிக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தன் வேலையை முடித்துக்கொடுக்கிறது. மூன்றே ஆண்டில் உலகம் முழுவதும் எச்.டி.சி என்ற மூன்றெழுத்தைத் தெரிந்துகொண்டது. அப்புறம் என்ன?

3. நிறுவனம் பெரிது, ஆகவே உறுதி என்பது தலைகீழ்க் கணக்கு.

எந்த ஸ்பான்சர்கள் நிலைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெல்ஜியத்தின் லாட்டரி 1985 முதல். பிரான்சின் லாட்டரியும் கோஃபிடிஸ் என்ற கடன் கொடுக்கும் நிறுவனமும் 1997 முதல். வீட்டுத்தரை விற்கும் குயிக்ஸ்டெப் 1999 முதல் ஏதேனும் ஓர் அணியின் பெயரில் தொடர்கிறது. இப்போது அதனோடு சேர்ந்திருப்பது பசையும் சிலிக்கோனும் விற்கும் சூடால். கவர்ச்சியே இல்லாத தொழில்கள். ஆனால் சாலையோரம் நிற்கிறவர் நாளைக்கு வீட்டுக்குத் தரை போடுவார், லாட்டரிச் சீட்டு வாங்குவார், தவணைக் கடன் எடுப்பார். பார்ப்பவரே வாங்குபவர். அந்தத் தேவை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

நெட்ஆப் கதை இதைக் கச்சிதமாக விளக்கும். அமெரிக்கத் தரவுச் சேமிப்பு நிறுவனமான நெட்ஆப் 2010-இல் ஒரு சிறிய ஜெர்மன் அணிக்குப் பெயர் கொடுத்தது. 2014-இல் அந்த அணி சிறப்பு அழைப்பில் டூருக்குப் போய், செக் வீரர் லியோபோல்ட் கோனிக் ஒட்டுமொத்தத்தில் ஏழாவது இடம் பிடித்தார். சின்ன அணிக்கு அது பெரிய விஷயம். அந்த ஆண்டின் முடிவில் நெட்ஆப் வெளியேறியது. காப்பாற்ற வந்தது போரா: சமையலறை அடுப்பில் எழும் புகையை உறிஞ்சும் கருவி செய்கிற பவேரிய நிறுவனம். பிறகு குழாய்களும் ஷவர்களும் செய்யும் ஹான்ஸ்குரோஹே. அந்த இரண்டும் சேர்ந்து வளர்த்த அணியில்தான் 2024-இல் ரெட்புல் முதலிட முன்வந்தது. தரவு மையத்துக்குச் சேமிப்புப் பெட்டி வாங்கும் முடிவை எடுப்பவர் சாலையோரத்தில் நிற்பதில்லை. அவரை மகிழ்விக்க ஒரு விருந்துக் கூடாரமும் அணிக் காரில் ஒரு நாள் சவாரியும் போதும். அதற்கு ஓர் அணியைச் சுமக்க வேண்டியதில்லை.

டெலிகாம் நிறுவனங்கள் நிலைத்தனவே என்று கேட்கலாம். உண்மை. டாய்ச்ச டெலிகாம் 1991 முதல் 2007 வரை நின்றது. பாஸ்க் நாட்டின் யூஸ்கால்டெல் பல ஆண்டுகள் ஆரஞ்சு ஜெர்சியைக் காத்தது. மோவிஸ்டார் 2011 முதல் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றும் வீடுவீடாக மாதக் கட்டணம் வாங்குபவை, தங்கள் நாட்டிலோ பகுதியிலோ வேர்விட்டவை. வணிகத்தின் இயல்பில் அவை குயிக்ஸ்டெப்புக்கு உறவு, நெட்ஆப்புக்கு இல்லை.

மென்பொருள் நிறுவனங்களுக்கு இன்னொரு நோய் உண்டு: அவை விற்கப்படுகின்றன, இணைக்கப்படுகின்றன, பெயர் மாறுகின்றன. இதற்கு மிக வருத்தமான எடுத்துக்காட்டு டிப்கோ. கலிஃபோர்னியாவின் இந்த மென்பொருள் நிறுவனம் லிண்டா ஜாக்சன் நடத்திய பெண்கள் அணியைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆதரித்தது. பெண்கள் பந்தயத்தைத் தொலைக்காட்சி திரும்பிக்கூடப் பார்க்காத காலத்திலும் விடவில்லை. என் வாதத்துக்கு எதிராக யாரேனும் ஒரு பெயரைச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் 2022-இல் டிப்கோ சிட்ரிக்ஸோடு ஒரே குடையின்கீழ் இணைக்கப்பட்டது. ஜெர்சியில் பக்கத்தில் இருந்த மற்றொரு பெயர் சிலிக்கான் வேலி பேங்க். அது 2023 மார்ச்சில் சரிந்தது. அந்த ஆண்டோடு ஜாக்சனின் அணியும் முடிந்தது. வீராங்கனைகள் மோசமாக ஓட்டியதால் இல்லை. நல்ல மனம் படைத்த மென்பொருள் ஸ்பான்சரால்கூடத் தன் நாளையைத் தானே தீர்மானிக்க முடியவில்லை.

4. தொழில்நுட்ப நிறுவனம் தொழில்நுட்பத்தைக் கொண்டுவரும் என்பது பெயரில் மயங்கிய வாதம்.

இன்றைய பந்தயத்தை மாற்றிய கருவி எது என்று கேட்டால், பெடலில் வீரர் செலுத்தும் ஆற்றலை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் என்பார்கள். அதை 1986-இல் உருவாக்கியவர் ஜெர்மன் பொறியாளர் உல்ரிச் ஷோபரர், தன் சிறு நிறுவனத்தில். எந்த அணியின் தலைப்பெயரும் அதற்குப் பணம் கொடுக்கவில்லை. சைக்கிள் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற தொழில்நுட்ப வெற்றி 1989 டூரின் கடைசி நாளில் வந்தது. வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் நேரப் பந்தயம். 50 வினாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், டிரையத்லான் வீரர்கள் பயன்படுத்திய ஏரோ கைப்பிடியைப் பூட்டிக்கொண்டு ஓட்டி, லோரான் ஃபின்யோனை மொத்தத்தில் 8 வினாடியில் வீழ்த்தினார். லெமாண்டின் ஸ்பான்சர் ஏ.டி.ஆர்: வாகனம் வாடகைக்கு விடும் பெல்ஜிய நிறுவனம்.

மோட்டோரோலாவுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். வீரர் காதில் ரேடியோ வைக்கும் பழக்கம் 1990-களில் அவர்கள் அணியிலிருந்து பரவியது. அவர்கள் செய்து விற்றதும் ரேடியோதான். (அந்த ரேடியோ பந்தயத்தைக் கெடுத்தது என்று புலம்புவோர் இன்னும் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன்.) ஓர் அணிக்குப் பெயர் கொடுத்த கார்மினும் சைக்கிள் கம்ப்யூட்டர் விற்பவர். இவை விதிவிலக்குகள், காரணமும் வெளிப்படை: சைக்கிள் ஓட்டுகிறவரிடம் விற்க இவர்களிடம் பொருள் இருந்தது. கணக்கியல் மென்பொருளிடம் அப்படி எதுவும் இல்லை.

தகவல் தொழில்நுட்ப நிறுவனமான டைமென்ஷன் டேட்டா இருக்கிறதே என்பார்கள். 2015 முதல் டூரில் சைக்கிள் இருக்கைக்கு அடியில் ஜி.பி.எஸ் உணரி பொருத்தி நேரடித் தகவல் தந்தது அந்த நிறுவனம்தான். ஆனால் அது டூரை நடத்தும் ஏ.எஸ்.ஓ நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம். வீரர்கள் மிதித்து உண்டாக்கிய தரவு, ஒப்பந்தம் அமைப்பாளருக்கு, அணிக்கு ஜெர்சியில் ஒரு பெயர்.

5. சுத்தமான பணம் என்று யார் சான்று கொடுத்தது?

1991 டூரில் பி.டி.எம் அணி முழுவதும் காய்ச்சலோடு பாதியில் வெளியேறியது. கெட்டுப்போன உணவு என்றார்கள். சரியாகப் பாதுகாக்கப்படாத இன்ட்ராலிபிட் என்ற ஊட்டச்சத்து ஊசியால் வந்த வினை என்று பிறகு வெளிவந்தது. பி.டி.எம் என்பது பிலிப்ஸும் டூபாண்டும் சேர்ந்து காந்த நாடா தயாரித்த நிறுவனம், அந்தக் காலத்து உயர் தொழில்நுட்பம். பணம் எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்பதற்கும் அணி எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. எண்ணெயைக் கண்டிக்க எனக்கும் தயக்கமில்லை. அந்தக் கண்டனத்தை மென்பொருளுக்கு நற்சான்றிதழாக மாற்றுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

தொழில்நுட்பப் பணத்தின் மீதான இந்த மயக்கத்துக்கு விலை கொடுத்தது ஓர் ஆப்பிரிக்கக் கனவு. தென்னாப்பிரிக்காவின் தொலைத்தொடர்பு நிறுவனமான எம்.டி.என் பெயரோடு 2015-இல் டூருக்குப் போனது எம்.டி.என்-குபேகா, ஆப்பிரிக்காவில் பதிவான அணி டூரில் ஓடியது அதுவே முதல்முறை. குபேகா என்பது பள்ளிக் குழந்தைகளுக்கும் கிராமத்தாருக்கும் சைக்கிள் கொடுக்கும் தொண்டு அமைப்பு. எரித்ரியாவின் டேனியல் டெக்லேஹைமனோட் மலையரசன் ஜெர்சியை அணிந்தார். ஜூலை 18, மண்டேலா நாளன்று மாண்ட் நகரில் ஸ்டீவ் கம்மிங்ஸ் ஒரு கட்டத்தை வென்றார். 2016-இல் அணி டைமென்ஷன் டேட்டா ஆனது. அந்த ஆண்டு டூரில் ஐந்து கட்டங்கள், கேவண்டிஷுக்கு ஒரு நாள் மஞ்சள் ஜெர்சி. தாய் நிறுவனமான ஜப்பானின் என்.டி.டி 2019-இல் டைமென்ஷன் டேட்டாவைத் தன் புதிய அமைப்புக்குள் இழுத்துக்கொண்டது. 2020-இல் அணி என்.டி.டி, அந்த ஆண்டோடு என்.டி.டி-யும் விலகல். 2021-இல் இத்தாலியச் சுற்றில் மூன்று கட்டங்களை வென்றும் பணத்துக்கு அலைந்தது அணி. ஆண்டின் நடுவில் நெக்ஸ்ட்ஹாஷ் என்ற டிஜிட்டல் நாணய நிறுவனத்தின் பெயர் ஜெர்சியில் ஏறியது. டிசம்பரில் உரிமம் கிடைக்கவில்லை. அணி முடிந்தது.

2024 டூரில் எரித்ரியாவின் பினியம் கிர்மாய் மூன்று கட்டங்களை வென்று பச்சை ஜெர்சியோடு முடித்தார். கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் டூரில் கட்டம் வென்றது அதுவே முதல்முறை. அவர் ஜெர்சியில் இருந்த பெயர்கள் இன்டர்மார்ஷே, வான்டி. ஒன்று மளிகைச் சங்கிலி, மற்றொன்று பெல்ஜியத்தில் கட்டுமான வேலை செய்யும் நிறுவனம். தொழில்நுட்பம் அறிவித்துப் பாதியில் விட்டதை மளிகையும் கட்டுமானமும் நடத்திக்காட்டின. அந்த அணியும் 2025 முடிவில் பெல்ஜிய லாட்டரியின் அணியான லாட்டோவோடு இணைய வேண்டிவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் நோயின் வேர் ஸ்பான்சரின் தொழிலைத் தாண்டிப் போகிறது.

6. வேறு வழி இல்லை என்பவர்கள், வழியை அடைத்தது யார் என்று கேட்பதில்லை.

மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் மார்பில் 1982 முதல் 2000 வரை இருந்த பெயர் ஷார்ப், ஜப்பானிய மின்னணு நிறுவனம். ஷார்ப் போனது, வோடஃபோன் வந்தது, அதுவும் போனது. கிளப் இருந்த இடத்தில் இருக்கிறது. ஏனென்றால் ஷார்ப் சட்டையில் மட்டும் இருந்தது. கிளப்பின் பெயராக இருக்கவில்லை. மைதான வருமானமும் ஒளிபரப்புப் பங்கும் கிளப்புக்கு உண்டு. சைக்கிள் அணியில் ஸ்பான்சர்தான் பெயர், ஸ்பான்சர்தான் நிறம், ஸ்பான்சர்தான் நினைவு. அவர் போகும்போது ரசிகரின் பாசத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்தவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்.

இது இயற்கை விதி இல்லை. டூரைத் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ஜ் 1930-இல் நிறுவன அணிகளையே நீக்கித் தேச அணிகளைக் கொண்டுவந்தார். செலவுக்கு விளம்பர ஊர்வலத்தை உருவாக்கினார். அந்த முறை மூன்று பத்தாண்டுக்கு மேல் நடந்தது. அது மீண்டும் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விதிகளை எழுதியது மனிதர்கள்தான், மாற்றியும் எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ரஷ்ய வங்கியாளர் ஒலெக் டிங்கோவ் ஒளிபரப்புப் பணத்தில் அணிகளுக்குப் பங்கு வேண்டும் என்று கத்தினார். அவருடைய முரட்டுப் பேச்சைக் காரணம் காட்டி எல்லோரும் அவரை ஒதுக்கினார்கள். 2016 முடிவில் அவர் அணியைக் கலைத்துவிட்டுப் போனார். அவர் நடத்தை எப்படியோ, கணக்கு சரி.

லாபம் தருவது டூர் ஒன்றுதான், மற்ற சிறு பந்தயங்களை அந்தப் பணத்தில்தான் நடத்துகிறோம் என்பது ஏ.எஸ்.ஓ தரப்பின் பதில். இருக்கட்டும். அணிகள் இல்லாமல் டூரும் இல்லை, சிறு பந்தயமும் இல்லை. வாடகைக்கு வந்தவர் அடிக்கும் சுண்ணாம்பை நம்பிக் கட்டடத்தின் விரிசலை விட்டுவைக்கும் உரிமையாளரைப் போலத்தான் ஏ.எஸ்.ஓ-வும் சர்வதேச சைக்கிள் ஒன்றியமும் ஒவ்வொரு புதிய ஸ்பான்சரையும் வரவேற்கின்றன. விஸ்மா போன்ற ஒன்று வரும்போதெல்லாம் சீர்திருத்தப் பேச்சு ஓராண்டு தள்ளிப்போகிறது. தொழில்நுட்பப் பணம் செய்யும் உண்மையான கெடுதல் இந்தத் தள்ளிப்போடல்.

வேண்டியவை கடினமானவை இல்லை. அணிக்கு ஊரையோ பகுதியையோ சார்ந்த நிலையான பெயர், ஸ்பான்சர் பெயர் அதற்குப் பின்னால். விலக விரும்பும் ஸ்பான்சர் ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம். இப்போது இருக்கும், சில மாதச் சம்பளத்துக்கான வங்கி உத்தரவாதம் போதாது, ஓராண்டுச் சம்பளம் முன்வைப்பாக இருக்க வேண்டும். ஒளிபரப்புப் பணத்தில் ஓடுகிற அணிகளுக்கு ஒரு பங்கு. உயர்மட்ட உரிமங்களை ஒன்றியம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்குகிறது. இப்போதைய சுற்று 2026 முதல் 2028 வரை. 2029-இன் நிபந்தனைகளை எழுதுவதற்குள், ஜெர்சியில் இன்று இருக்கும் மென்பொருள் பெயர்களில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று ஒன்றியம் முதலில் அந்த நிறுவனங்களிடமே எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.